கோலம் என்ற சொல்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலைகளில், வெளிநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையவழியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மார்கழியில் பத்து வயதுப் பையன் ஒருவன், “கோலம் தரையில போடுறதுதானே? அப்புறம் எப்படிப் பெருமாள் கோலத்துல நிக்கிறாரு?” என்று கேட்டான். சிரித்துக்கொண்டே பதில் சொல்லத் தொடங்கியவள், பாதியில் நிறுத்தி, அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்தேன். அன்று தொடங்கி பிள்ளைகளும், அவர்களைவிட அதிகமாகப் பெற்றோரும் இந்த ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் கேள்விகளை வந்தபடியே கீழே தொகுத்திருக்கிறேன்.

கோலம்னா வாசல்ல போடுறதுதானே, இதுல சந்தேகம் எங்கே வந்தது?

“என்னடி இது கோலம்? போய்த் தலையை வாரு” என்று அம்மா கத்தும்போது வாசலில் போட்டதைச் சொல்லவில்லை அல்லவா? அங்கேதான் சந்தேகம் ஆரம்பிக்கிறது. மணக்கோலம், போர்க்கோலம், தவக்கோலம், விழாக்கோலம் என்று எழுதும்போதும் அப்படித்தான். மாவும் இல்லை, புள்ளியும் இல்லை.

தமிழில் இந்தச் சொல்லுக்கு அழகு, வெளித்தோற்றம், ஒப்பனை அல்லது வேடம், தரையிலும் சுவரிலும் இடும் சித்திரம் என்று நான்கு பொருள்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைத் திறந்தால் நிறம், தன்மை, அணிகலன் என்று பட்டியல் இன்னும் நீளும். அவற்றில் வாசல் கோலமும் ஒன்று, அவ்வளவுதான்.

சரி, முதலில் வந்தது எது? தரைக் கோலமா, தோற்றமா?

தோற்றம் என்றுதான் நான் சொல்வேன். காரணம், அக்கம்பக்கத்து மொழிகள். பர்ரோவும் எமனோவும் தொகுத்து 1961இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி, தமிழ்க் கோலத்தையும் மலையாளக் கோலத்தையும் துளுவின் ‘கோல’த்தையும் ஒரே குடும்பமாகச் சேர்க்கிறது. மலையாளத்தில் அது உருவம், வேடம். துளுவில் பூதம் வந்து ஆடும் சடங்காட்டம். மூன்றுக்கும் பொதுவாக நிற்பது ‘பிறர் கண்ணுக்குத் தெரியும்படி ஏற்றுக்கொண்ட உருவம்’ என்ற கருத்து. அரிசி மாவுச் சித்திரம் என்ற பொருளோ பெரும்பாலும் தமிழோடு நின்றுவிடுகிறது.

ஆகவே வாசல் கோலம் தனியாகப் பிறந்த சொல் அல்ல. மணப்பெண்ணுக்குச் செய்வது ஒரு கோலம் என்றால், வீட்டு முகப்புக்குச் செய்வதும் ஒரு கோலம். ஒன்றில் நகையும் பூவும். மற்றதில் சாணித் தெளிப்பும் மாவும்.

ஒரே சொல்லுக்கு இத்தனை பொருள் இருந்தால், படிக்கும்போது எதை எடுத்துக்கொள்வது?

பக்கத்தில் இருக்கும் வினையைப் பாருங்கள், அது சொல்லிவிடும். கோலம் ‘போட்டாள்’, ‘இட்டாள்’, ‘இழைத்தாள்’ என்றால் தரை. கோலம் ‘பூண்டான்’, ‘கொண்டான்’, ‘புனைந்தான்’ என்றால் உடம்பு. ஊர் விழாக்கோலம் ‘பூண்டது’ என்று செய்தித்தாளில் எழுதுகிறார்களே, அங்கே ஊரையே ஓர் ஆளாகப் பாவித்து உடுத்தி விடுகிறோம். யாரும் ஊர் விழாக்கோலம் ‘போட்டது’ என்று எழுதுவதில்லை.

இதற்கு எனக்குப் பிடித்த இடம் பெரியபுராணத்தில் வருகிறது. சுந்தரரின் திருமணத்தை ஒரு கிழவர் வந்து தடுத்து, ‘நீ என் அடிமை’ என்று ஓலை காட்டி இழுத்துப் போன கதை தெரியும்தானே? பின்பு திருவாரூரில் சிவன் அவரைத் தோழனாக ஏற்கும்போது, “அன்று நீ கொண்ட கோலம் என்றும் புனைந்து” மண்மேல் விளையாடு என்கிறார். நின்றுபோன கல்யாணத்தின் மாப்பிள்ளை உடையை இனி எப்போதும் அணிந்திரு என்று பொருள். அதனால்தான் சுந்தரரைத் துறவியாக யாரும் செதுக்குவதில்லை. கோயில்களில் எப்போதும் அலங்காரம் செய்த இளைஞராகவே நிற்பார். கொண்டதும் கோலம், புனைந்ததும் கோலம். இரண்டு வினையும் ஒரே வரியில் கிடைத்துவிடுகின்றன.

“கோல விளக்கே” என்று திருப்பாவையில் வருகிறதே, கோலம் போட்டு நடுவில் வைத்த விளக்கா?

மார்கழியில் விடியற்காலைக் கோலத்தையும் நடுவில் அகல் விளக்கையும் பார்த்துப் பழகியவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அங்கே ‘கோல’ என்பது அழகிய. நோன்புக்கு வேண்டியவற்றைக் கண்ணனிடம் கேட்கும் பாட்டு அது. அழகிய விளக்கு, கொடி, மேற்கட்டி எல்லாம் கொடு என்கிறார்கள்.

மகரமெய் உதிர்ந்து ‘கோல’ என்று இன்னொரு பெயருக்கு முன்னால் நின்றால் பெரும்பாலும் அழகுதான். கோல மயில், பாரதியின் ‘கோலக் குயிலோசை’, மயிலாப்பூரில் குடியிருக்கும் கோலவிழி அம்மன் எல்லாம் இந்தக் கணக்கு. சின்ன வயதில் ‘பாலும் தெளிதேனும்’ பாடியிருப்பீர்கள். அதில் வரும் “கோலஞ்செய் துங்கக் கரிமுகத்துத் தூமணியே” என்ற ஔவையார் வரியிலும் பிள்ளையார் உட்கார்ந்து கோலம் போடவில்லை. அழகு செய்யும் யானை முகம் என்பது பொருள். எங்கள் வகுப்பில் ஒரு குழந்தை தும்பிக்கையால் புள்ளி வைக்கும் பிள்ளையாரை வரைந்து அனுப்பியது. தப்பு என்று சொல்ல மனம் வரவில்லை.

ஆண்டாள் காலத்தில் வாசலில் கோலம் போட்டார்களா? அந்தச் சொல்லையே பயன்படுத்தியிருக்கிறாரா?

வீட்டு வாசல் தோறும் தினமும் போட்டார்களா என்பதற்கு அவர் பாட்டு சாட்சி சொல்லாது. ஆனால் தரையைச் சுத்தம் செய்து வடிவம் இடும் வழக்கம் இருந்தது என்பதற்கு நல்ல சாட்சி. நாச்சியார் திருமொழியின் முதல் அடியே “தையொரு திங்களும் தரை விளக்கித் தண் மண்டலமிட்டு” என்றுதான் தொடங்குகிறது. அதே பாட்டில் நுண்மணல் கொண்டு தெருவை அணிசெய்ததும் வருகிறது. ஒரு பெண் தரையை மெழுகித் துடைத்து, வட்டமாக மண்டலம் இட்டு, தெருவில் பொடி மணல் தூவி அலங்கரிக்கிறாள். செயல் நமக்குத் தெரிந்த செயல்தான். பெயர் மட்டும் அங்கே ‘மண்டலம்’.

அடுத்த பதிகத்தில் சொல்லும் வந்துவிடுகிறது. சிறுமிகள் தெருவில் மணல்வீடு கட்டி விளையாட, கண்ணன் வந்து காலால் அழிக்கிறான். “வீதிவாய்த் தெள்ளி நாங்கள் இழைத்த கோலம் அழித்தியாகிலும்” உன்மேல் கோபம் வராது என்கிறார்கள். வெள்ளை நுண்மணல், வீதி, தெள்ளுதல், இழைத்தல், கோலம் எல்லாம் ஒரே பாட்டில். ‘தெள்ளி’ என்பதைக் கவனியுங்கள்: மணலைக் கொழித்துப் பருக்கையை நீக்கியிருக்கிறார்கள், நம் வீட்டில் கோலப்பொடியைச் சலிப்பது போல.

இங்கே கோலம் என்பது சிற்றிலின், அதாவது அந்த மணல்வீட்டின், வடிவத்தைக் குறிக்கிறது என்றும் ஒருவர் வாதிடலாம். அதுவும் பொருந்தும். ஆனால் ஏறக்குறைய 8, 9ஆம் நூற்றாண்டிலேயே தெருத்தரை, வெள்ளைப் பொடி, பெண்களின் கை, கோலம் என்ற நான்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ‘உருவம்’ என்ற பொருள் ‘தரைச் சித்திரம்’ என்று இறுகும் இடத்தைப் பார்க்க இதைவிட நல்ல வரி எனக்குக் கிடைக்கவில்லை.

இழைக்கோலம், சிக்குக்கோலம், படிக்கோலம் என்கிறார்களே, இவையெல்லாம் ஒன்றா வேறா?

பெயரே வேலையைச் சொல்லிவிடும். புள்ளி வைத்துப் போட்டால் புள்ளிக்கோலம். புள்ளிகளைக் கோட்டால் சேர்க்காமல் சுற்றி வளைத்துக்கொண்டு போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் சிக்குக்கோலம். சில ஊர்களில் நெளிக்கோலம், கம்பிக்கோலம். புள்ளியிலும் நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்று இரண்டு. ‘ஊடுபுள்ளி 15, 8ல் நிறுத்தவும்’ என்று கோல நோட்டில் இருந்தால், நடுவரிசையில் 15 வைத்து, இரு பக்கமும் இடைவெளிகளில் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்து எட்டில் நிறுத்த வேண்டும். சிக்குக்கோலத்தின் ஒழுங்கைப் பார்த்துவிட்டு, தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974இல் அதற்குக் கணினி அறிவியல் முறையில் இலக்கணமே எழுதினார்கள். என் பாட்டி கேட்டிருந்தால், “இதுக்கெல்லாமா?” என்றிருப்பாள்.

இழைக்கோலம் ஈரம். பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்துக் கரைத்து, சின்னத் துணித்துண்டை அதில் நனைத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்வார்கள். லேசாக அழுத்தினால் மாவு மோதிர விரல் வழியாக இறங்கும். விரல் நுனிதான் பேனா. போட்டவுடன் ஒன்றும் தெரியாது, ஈரத் தரையில் ஈரக் கோடு. பத்து நிமிடம் கழித்துக் காயக் காய வெள்ளை எழுந்து வரும். ஒரு கோடு ஓர் இழை. கல்யாண மணையில், பூஜை அறையில் நான்கு இழை, ஐந்து இழை என்று சேர்த்துச் சேர்த்து இழுப்பார்கள். ஓரத்தில் காவி பூசிவிட்டால் முடிந்தது. மேலே சொன்ன ஆண்டாளின் ‘இழைத்த’ என்ற வினையும் இந்த ‘இழை’யும் பக்கத்துப் பக்கத்து வீடு. படிக்கோலம் என்பது பெரும்பாலும் சதுரமாக, அடுக்கடுக்காகக் கோடு இழுத்து வருவது, புள்ளி தேவையில்லை.

பெருமாள் “நின்ற கோலம்”, “கிடந்த கோலம்” என்றால் உடையா, நிலையா?

நிலை. இதுதான் அந்தப் பையன் கேட்டது. பெருமாள் கோயில்களில் நின்ற, இருந்த, கிடந்த என்று மூன்று திருக்கோலம் சொல்வார்கள். திருப்பதியில் நிற்கிறார், திருவரங்கத்தில் படுத்திருக்கிறார். 2019இல் காஞ்சிபுரத்துக் குளத்திலிருந்து 40 ஆண்டுக்குப் பின் அத்திவரதரை எடுத்தபோது, ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்ட் 1 முதல் நின்ற கோலம் என்று 48 நாளைப் பிரித்தார்கள். ஒரே சிலை, இரண்டு கோலம். இரண்டையும் பார்க்க வேண்டுமென்று இரண்டு தடவை வரிசையில் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் எல்லாத் திருக்கோலமும் நிலை அல்ல. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர்மலையிலிருந்து மதுரைக்குப் புறப்படும் அழகர் கள்ளர் திருக்கோலத்தில் வருகிறார். திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்கு முந்திய நாள் நம்பெருமாளுக்கு நாச்சியார் திருக்கோலம், அதாவது மோகினி வேடம். இவை முழுக்க வேடம். நிலையோ உடையோ, பார்ப்பவர் கண்ணில் விழும் உருவம் எதுவோ அது கோலம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

‘கோலுதல்’ என்றால் வளைத்தல், கோடு வளைவதால்தான் கோலம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. சரியா?

கோலுதல் என்ற வினை உண்மையில் இருக்கிறது. வளைத்தல், சுற்றி வகுத்தல் என்ற பொருளும் உண்டு. அதனால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விளக்கம் வாசல் கோலத்திலிருந்து புறப்படுகிறது. இரண்டாம் கேள்வியில் பார்த்தபடி, சகோதர மொழிகளிலெல்லாம் உருவமும் வேடமும்தான் நிற்கின்றன, வளைந்த கோடு அல்ல. வடகேரளத்தில் தெய்வ வேடம் கட்டித் தெய்யம் ஆடுபவர் ஏற்கும் கோலத்தில் எந்தக் கோடு வளைகிறது? சிக்குக்கோலத்தைப் பார்த்துக்கொண்டே வேர் தேடியவர் சொன்ன விளக்கம் என்று எனக்குப் படுகிறது.

கோலமா, கோளமா?

வாசலில் கோலம், வானத்தில் கோளம். பூகோளத்தில் வரும் கோளம் உருண்டை. வடமொழியின் கோல என்ற சொல்லிலிருந்து வந்தது. தெருவில் போட்டி அறிவிப்புப் பலகைகளில் ‘கோளப் போட்டி’ என்று பார்க்கும்போது, உருண்டை பிடிக்கும் போட்டியோ என்று நினைத்துக்கொள்வேன்.

கோலாட்டம், கோலோச்சுதல், கோலாகலம் எல்லாம் கோலத்திலிருந்து வந்தவைதானே?

மூன்றும் இல்லை. கோலாட்டத்தில் இருப்பது கோல், கையில் பிடித்துத் தட்டும் குச்சி. கோலோச்சுவதும் கோல்தான், அரசனுடைய செங்கோல். கோலாகலம்தான் பலரை ஏமாற்றும். விழா, அலங்காரம், தோரணம் என்று காட்சி கண்முன் வருவதால் ‘கோலம்’ உள்ளே ஒளிந்திருப்பதாகத் தோன்றும். அது வடமொழி ‘கோலாஹலம்’. முதல் பொருள் இரைச்சல், ஆரவாரம். திருவிழா இரைச்சலாக இருந்ததால் இரைச்சல் மெல்லக் கொண்டாட்டம் ஆகிவிட்டது.

அலங்காரம் கெட்டால் அலங்கோலமா?

ஓசை அப்படிப் பொருந்திவிட்டது, அவ்வளவுதான். அலங்காரம் வடமொழி. அலங்கோலத்தின் பின்பாதி நம்முடைய கோலம். முன்பாதி எதிர்மறை ‘அல்’ என்று சிலர் பிரிக்கிறார்கள். அப்படியானால் நடுவில் ‘ங்’ வர வழியில்லை. அலம் + கோலம் என்று பிரித்தால் புணர்ச்சி இயல்பாக வருகிறது. தொல்காப்பியம் “அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி” என்கிறது. அலமந்து திரிதல் என்று இன்றும் எழுதுகிறோம். சுழன்று கலைந்துபோன தோற்றம் அலங்கோலம் என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. காற்றடித்த பிறகு வாசல் கோலத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

ரங்கோலிக்குள் கோலம் இருக்கிறதா?

இல்லை. ரங்க + ஆவலி, ரங்காவலி: வண்ண வரிசை. அது மராத்தியிலும் கன்னடத்திலும் ரங்கோலி ஆனது. ‘கோலி’ என்று முடிவதால் கோலத்தின் தங்கை என்று நினைப்பது இயல்பு, ஆனால் உறவில்லை. தெலுங்கில் முக்கு, வங்காளத்தில் ஆல்பனா, ராஜஸ்தானில் மாண்டனா என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சொல் இருக்கிறது, அவையும் தனித்தனி.

தமிழ்நாட்டில் நாம் இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டு பங்கு பிரித்துவிட்டோம். வெள்ளைப் பொடியில் புள்ளி வைத்தால் கோலம். புள்ளி இல்லாமல் மயிலும் பானையும் வரைந்து கலர்ப்பொடி தூவினால் ரங்கோலி. மகாராஷ்டிரத்தில் போய் இந்த வேறுபாட்டைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே எல்லாமே ரங்கோலிதான்.

மலையாளச் செய்தியில் அமைச்சரின் கோலத்தைக் கொளுத்தினார்கள் என்று வந்ததே?

நானும் முதல்முறை கேட்டபோது, மாவை எப்படிக் கொளுத்துவது என்று விழித்தேன். மலையாளத்தில் கோலம் என்றால் உருவம். அதனால் கொடும்பாவியும் கோலம். தரையில் வரைவது அங்கே களம். ஓணத்துக்குப் பூக்களம், பகவதி கோயிலில் களமெழுத்து.

வடகேரளத்தில் தெய்யம் கட்டுபவரைக் கோலக்காரன் என்பார்கள். தெற்கே பத்தனம்திட்டைப் பக்கம், கடம்மனிட்டை போன்ற ஊர்களில் படையணி என்ற சடங்கு நடக்கும். பாக்கு மட்டையைச் சீவி வண்ணம் தீட்டி பைரவி, காலன், மாடன் என்று பெரிய பெரிய முகங்கள் செய்து தலையில் ஏற்றிக்கொண்டு ஆடுவார்கள். அந்த முகங்களுக்கும் கோலம் என்றே பெயர். மாவில் நாம் வரைவதை அவர்கள் மட்டையில் வரைந்து தலையில் ஏற்றுகிறார்கள் என்று சொல்லலாம்போல இருக்கிறது. துளுநாட்டுப் பூத கோலாவும் இதே வழியில் வந்ததுதான்.

இலங்கையில் கோலம் என்றால் முகமூடி நாடகமாமே?

ஆமாம், சிங்களரிடம். தென்கரையில் அம்பலாங்கொடைதான் அதற்குப் பேர்போன இடம். மர முகமூடி அணிந்து அரசன், அரசி, சிப்பாய், முதலி, சலவைத் தொழிலாளி என்று ஒவ்வொருவராக வந்து ஆடிக் கிண்டல் செய்யும் கூத்து அது. மகாசம்மத மன்னனின் அரசி கர்ப்பமாக இருந்தபோது முகமூடி ஆட்டம் பார்க்க மசக்கை கொண்டாள், அதற்காகப் பிறந்தது என்று கதை சொல்வார்கள். சொல் தமிழிலிருந்து போனது. போனதும் வாசல் சித்திரம் அல்ல, வேடம் என்ற பொருள். யாழ்ப்பாணத்துத் தமிழருக்கோ நமக்குப் போலவே இரண்டு பொருளும் உண்டு.

அகராதியில் கோலம் என்றால் பன்றி, இலந்தை என்றும் போட்டிருக்கிறதே? அச்சுப் பிழையா?

பிழை இல்லை, வேறு சொல். வடமொழியில் ‘கோல’ என்றால் பன்றி, இலந்தை இரண்டும் உண்டு. அது நிகண்டுகள் என்ற பழைய சொற்பொருள் நூல்கள் வழியாகத் தமிழில் நுழைந்து நம் கோலத்தோடு ஒரே உருவத்தில் நின்றுவிட்டது. நம்மாழ்வார் திருமாலை “கோல வராகம்” என்கிறார். நிகண்டை மட்டும் நம்பினால் அது ‘பன்றிப் பன்றி’ ஆகிவிடும். அழகிய பன்றி என்பதுதான் பொருள். நான்காம் கேள்விக்குச் சொன்ன ‘கோல’ விதி இங்கேயும் கைகொடுக்கிறது.

சாவு வீட்டில் ஏன் கோலம் போடுவதில்லை? இதற்கும் சொல்லுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு என்றே நினைக்கிறேன். ‘கோலம் களைதல்’ என்று ஒரு வழக்கு இருக்கிறது. பூவும் பொட்டும் நகையும் நீக்குவது. துக்கத்தில் வீட்டாள்கள் அலங்காரத்தை விடுகிறார்கள். வாசலும் தன்னுடையதை விடுகிறது. சில வீடுகளில் திதி நாளன்றும் போட மாட்டார்கள். அந்தக் காலத்தில் தெருவில் நடந்து போகிறவர் தண்ணீர் தெளித்த வாசலில் வெள்ளை இல்லாததைப் பார்த்தாலே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் விசாரிப்பார்.

எங்கள் தாத்தா போன பிறகு காரியமெல்லாம் முடிந்து மறுநாள் விடிகாலையில் பாட்டி, “சின்னதா ஒண்ணு போட்டுட்டு வா” என்று என்னை அனுப்பினாள். நான்கு புள்ளி வைத்து ஒரு வளைவு. எதிர்வீட்டு அத்தை தன் வாசலில் பாதிக் கோலத்தில் குனிந்திருந்தவள், நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பவும் குனிந்துகொண்டாள்.